காரைத் தூக்கும் முன் கீழே பாருங்கள்

(ஜோகுபாளையத்தில் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஆற்றிய உரை)



பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஜோகுபாளையத்துத் தெருக்களைப் பாருங்கள். குறுகலான தெருக்கள். சில இடத்தில் மேடு. சில இடத்தில் பள்ளம். இந்தத் தெருக்களில் இன்று எத்தனை கார்கள் நிற்கின்றன! பெரும்பாலும் சின்னக் கார்கள். அல்சூர் பக்கம் போனாலும் அப்படித்தான். இந்திரா நகர் பக்கம் போனாலும் அப்படித்தான்.

உங்களில் சிலர் கார் ஓட்டுகிறீர்கள். சிலர் பட்டறையில் வேலை செய்கிறீர்கள். சிலர் பஞ்சர் கடை வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்.

காருக்கு டயர் பஞ்சர் ஆகிவிட்டது. ஜாக்கியை எடுக்கிறீர்கள். அதைக் காருக்கு அடியில் எந்த இடத்தில் வைப்பீர்கள்?

"சக்கரத்துக்குப் பக்கத்தில் வைப்போம்" என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் எந்த இடம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நான்கு விரல் தள்ளி வைத்தால் தகடு நசுங்கும். ஜாக்கி சரியும். வண்டி விழும். அடியில் ஆள் இருந்தால் உயிர் போகும்.

இன்று நாம் பேசப்போவது அந்த இடத்தைப் பற்றித்தான்.

எவ்வளவு பாரம்?

முதலில் பாரத்தைப் பார்ப்போம்.

மாருதி 800 என்ற காரை எல்லோருக்கும் தெரியும். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி அந்தக் காரின் முதல் சாவி கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. ஹரியானா மாநிலத்தில் குர்கான் என்ற ஊரில் அந்தக் கார் தயாரானது. 2014-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் நம் நாட்டில் விற்றன. இன்றும் பழைய மாருதி பட்டறைக்கு வருவதைப் பார்க்கிறோம்.

அது சின்ன வண்டி. ஆனாலும் அதன் எடை சுமார் 650 கிலோ. ஒரு மூட்டை அரிசி 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்பது மூட்டை. இன்றைய சின்னக் கார்கள் பல இதைவிடக் கனமானவை.

ஒன்பது மூட்டை அரிசியை நம் தலைக்கு மேலே ஒரே ஒரு கம்பி தாங்குகிறது என்று சொன்னால் அதன் அடியில் போய்ப் படுப்போமா? படுக்க மாட்டோம். காரின் அடியில் மட்டும் ஏன் யோசிக்காமல் படுக்கிறோம்?

ஏன் எந்த இடத்திலும் வைக்கக் கூடாது?

ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார்களுக்குத் தெரியும். ஆட்டோவுக்குப் பஞ்சர் என்றால் ஜாக்கியே வேண்டாம். இரண்டு பேர் சேர்ந்து வண்டியை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். வேலை முடிந்துவிடும். ஆட்டோ ஓட்டிய கையோடு கார் ஓட்ட வருபவர்கள் காரையும் அப்படியே நினைக்கக் கூடாது.

லாரிக்கு அடியில் குனிந்து பாருங்கள். நீளமாக இரண்டு இரும்புத் தண்டவாளம் போல இருக்கும். அதைச் சேசிஸ் என்பார்கள். லாரியின் முழுப் பாரமும் அதன்மேல் நிற்கிறது. அதனால் லாரியின் அடிப்பகுதி நல்ல முரடு.

சின்னக் காருக்கு அடியில் பாருங்கள். அந்தத் தண்டவாளம் இருக்காது. மெல்லிய தகட்டை மடித்து, வளைத்து, ஒன்றோடு ஒன்று பற்றவைத்துக் காரின் உடம்பைச் செய்கிறார்கள். அந்த உடம்பேதான் பாரத்தையும் தாங்குகிறது. அதனால் வண்டியின் எடை குறைகிறது. பெட்ரோலும் மிச்சமாகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்று. தகடு மடிந்து சேரும் இடம்தான் பலம். விரிந்து கிடக்கும் இடம் பலமில்லை.

சீட்டு போட்ட வீடு எல்லோருக்கும் தெரியும். கூரைச் சீட்டு ஒழுகுகிறது. மேலே ஏறுகிறீர்கள். எங்கே கால் வைப்பீர்கள்? அடியில் கட்டை இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் வைப்பீர்கள். அந்தக் கட்டையோடு சேர்த்து அடித்த ஆணி வரிசை மேலே தெரியும். அதுவே அடையாளம். நடுச் சீட்டில் கால் வைத்தால் என்ன ஆகும்? சீட்டு உடையும். ஆள் உள்ளே விழுவார்.

காரின் அடிப்பகுதியும் அந்தச் சீட்டுக் கூரை மாதிரித்தான். பலமான இடம் எது என்று அடையாளம் பார்த்துத்தான் ஜாக்கி வைக்க வேண்டும்.

அந்த இடம் எங்கே?

ஒரு காருக்கு ஜாக்கி வைக்கும் இடம் நான்கு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று.

கதவுக்குக் கீழே படி போல நீளமாக ஒரு பகுதி இருக்கிறது அல்லவா? பட்டறையில் அதை ரன்னிங் போர்டு என்பார்கள். அதன் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு தகட்டு விளிம்பு கீழ்நோக்கி நிற்கும். இரண்டு மூன்று தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த விளிம்பு அது.

அந்த விளிம்பிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் தடவுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் விளிம்பில் ஒரு சிறு வெட்டு கையில் தட்டுப்படும். சற்றுத் தள்ளி இன்னொரு வெட்டு இருக்கும். இந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். அந்த இடத்தில் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள்.

அதேபோல் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டு வெட்டு இருக்கும். சில கார்களில் வெட்டுக்குப் பதிலாக அம்புக்குறியோ முக்கோணக் குறியோ போட்டிருப்பார்கள்.

"இவ்வளவு சின்னக் குறிக்கு இத்தனை பேச்சா?" என்று ஒருவர் கேட்கலாம்.

நீங்கள் எழுத்துப் படித்தவர்கள். "கல்" என்று எழுதிப் பாருங்கள். "கால்" என்று எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? ஒரே ஒரு துணைக்கால். அதை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடுகிறது. காரின் அடியில் இருக்கும் வெட்டும் ஓர் எழுத்துப் போலத்தான். "இங்கே தூக்கு" என்று அது சொல்கிறது. செய்தவர் எழுதி வைத்திருக்கிறார். நாம் படிக்க வேண்டும்.

வைக்கக் கூடாத இடங்கள்

இப்போது வைக்கக் கூடாத இடங்களைச் சொல்கிறேன்.

எஞ்சின் ஆயில் இருக்கும் சேம்பருக்கு அடியில் வைக்காதீர்கள். அது நசுங்கும். வெடிப்பு விட்டு ஆயில் ஒழுகும்.

பெட்ரோல் டேங்குக்கு அடியில் வைக்காதீர்கள். அதன் ஆபத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

பம்பருக்கு அடியில் வைக்காதீர்கள். சைலன்சர் குழாயில் வைக்காதீர்கள். உட்காரும் இடத்துக்கு அடியில் விரிந்து கிடக்கும் தரைத் தகட்டிலும் வைக்காதீர்கள். அந்தத் தகடு மேலே குவிந்துவிடும்.

பழைய வண்டி என்றால் இன்னொரு எச்சரிக்கை. மழைத் தண்ணீரும் சேறும் ரன்னிங் போர்டுக்குள் தங்கும். உள்ளே துரு தின்றுவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஜாக்கி வைக்கும் முன் அந்த இடத்தை ஸ்குரு டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். பொத்துப் பொத்தென்று கேட்டாலோ, துருத் தூள் உதிர்ந்தாலோ அங்கே வைக்காதீர்கள். பட்டறையில் அனுபவம் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

வண்டிக்கு வண்டி மாறும்

ஒரு காருக்குச் சரியான இடம் இன்னொரு காருக்குச் சரியாக இருக்காது. நம் பெங்களூரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ரேவா என்ற குட்டி மின்சாரக் கார் நினைவிருக்கிறதா? அது நம் பெங்களூரில் தயாரானது. 2001-இல் விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளே இரும்புச் சட்டம் இருந்தது. வெளி உடம்பு பிளாஸ்டிக். மாருதியைத் தூக்கிப் பழகிய ஒருவர் அந்தப் பிளாஸ்டிக்கில் ஜாக்கி வைத்தால் என்ன ஆகும்? உடம்பு உடையும். வண்டி எழாது. சட்டம் இருக்கும் இடம் தெரிந்துதான் தூக்க வேண்டும்.

இன்று மின்சாரக் கார்கள் அதிகமாகி வருகின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தரைக்கு அடியிலேயே பெரிய பேட்டரி இருக்கிறது. ஜாக்கியின் தலை அந்தப் பேட்டரியில் குத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே மின்சாரக் காரில் இடம் தெரியாமல் ஜாக்கி வைக்கவே கூடாது.

அப்படியானால் இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு காரோடும் ஒரு புத்தகம் வரும். டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. "அது ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது?" என்பீர்கள். இருக்கட்டும். ஜாக்கி படம் போட்ட பக்கத்தைத் தேடுங்கள். காரின் படத்தில் அம்புக்குறி போட்டு நான்கு இடத்தையும் காட்டியிருப்பார்கள். படத்தைப் படிக்க ஆங்கிலம் வேண்டாம். கீழே உள்ள இரண்டு வரியைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பட்டறையில் டிராலி ஜாக்கி இருக்கும். அதை வைக்கும் இடம் வேறாக இருக்கலாம். சில கார்களில் முன்பக்கம் குறுக்கே போகும் பலமான சட்டத்தில் வைக்கலாம். சில கார்களில் பின் ஆக்சிலில் வைக்கலாம். சில கார்களில் அங்கே வைக்கவே கூடாது. இதையும் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். டிராலி ஜாக்கியின் தலை தட்டையான இரும்பு. அதை விளிம்புத் தகட்டில் நேராக வைத்தால் விளிம்பு மடங்கும். நடுவில் பள்ளம் உள்ள ரப்பர் கட்டையை வைத்து, விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும்படி தூக்க வேண்டும்.

தூக்கும் முறை

இடம் தெரிந்துவிட்டது. இனித் தூக்கும் முறையைப் பார்ப்போம்.

ஒன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நம் ஊரில் ஏற்ற இறக்கம் அதிகம். சரிவில் தூக்க வேண்டாம். பஞ்சரான டயரோடு மெதுவாக நகர்த்தினால் டயர் கெடலாம். கெடட்டும். டயரை வாங்கலாம், ஆளை வாங்க முடியாது.

இரண்டு. எஞ்சினை நிறுத்துங்கள். உள்ளே இருப்பவர்களை இறக்குங்கள். தூங்கும் குழந்தையையும் இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கியரில் வையுங்கள்.

மூன்று. சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எந்தச் சக்கரத்துக்கு? தூக்கும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்கு. இடது முன் சக்கரத்தைத் தூக்கினால் வலது பின் சக்கரத்துக்குக் கட்டை. முன்னும் பின்னும் இரண்டு கட்டை.

"ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு கட்டை எதற்கு?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் மீதி ஒரு சக்கரத்தில்தான் அந்தப் பிடி இருக்கும். சின்னக் கார்கள் பலவற்றில் கியரின் பிடி முன் சக்கரங்களில் இருக்கிறது. ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் நின்றால் அது சும்மா சுற்றும். கியரின் பிடி போய்விடும். அதனால்தான் கட்டை வேண்டும்.

நான்கு. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். தூக்கிய பிறகு ஸ்பானரை அழுத்தி மிதித்தால் வண்டி ஆடும். ஜாக்கி சாயும்.

ஐந்து. ஜாக்கியின் அடியைப் பாருங்கள். தார் ரோடானாலும் வெயிலில் இளகும். செம்மண் என்றால் மழையில் புதையும். ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். ஜாக்கி நேராக நிற்க வேண்டும்.

ஆறு. ஜாக்கியின் தலை குறியில் தொட்டதும் நிறுத்துங்கள். குனிந்து பாருங்கள். சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பிறகு இரண்டு விரல் உயரம் தூக்குங்கள். மறுபடி நிறுத்திப் பாருங்கள். ஜாக்கி சாய்ந்தால் இறக்கிவிட்டு மீண்டும் வையுங்கள். சாய்ந்த ஜாக்கியைக் காலால் தட்டி நேராக்கவே கூடாது.

ஏழு. தேவைக்கு மேல் தூக்காதீர்கள். காற்று உள்ள டயரை மாட்டும் அளவு இடைவெளி போதும். உயரம் கூடக் கூட வண்டி ஆடும்.

எட்டு. டயரை மாற்றும்போது மாட்டப்போகும் சக்கரத்தை ரன்னிங் போர்டுக்கு அடியில் படுக்க வையுங்கள். பழைய சக்கரத்தைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளிப் புதியதை எடுங்கள். ஒருவேளை ஜாக்கி நழுவினாலும் வண்டி அந்தச் சக்கரத்தின்மேல்தான் விழும்.

ஒன்பது. நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்குங்கள். வண்டியை இறக்கிய பிறகு கடைசியாக நன்றாக இறுக்குங்கள்.

ஜாக்கி தூக்கும், தாங்காது

இதை நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஸ்டாண்டு.

எண்ணெய் ஜாக்கியின் உள்ளே ரப்பர் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் எண்ணெய் கசியும். வண்டி சத்தமில்லாமல் இறங்கும். சீல் திடீரென்று போனால் வண்டி ஒரே அடியாக விழும். திருகு ஜாக்கியில் எண்ணெய் இல்லை. ஆனால் அதன் அடி சின்னது. வண்டி ஒரு பக்கம் நகர்ந்தால் அது கவிழும்.

ஆகவே வண்டிக்கு அடியில் போகும் வேலை என்றால் ஸ்டாண்டு வேண்டும். அதையும் பலமான இடத்தில்தான் நிறுத்த வேண்டும். ஸ்டாண்டின்மேல் வண்டியை மெல்ல இறக்குங்கள். வெளியே நின்றபடியே வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசையாமல் இருந்தால்தான் உள்ளே போக வேண்டும்.

ஸ்டாண்டு இல்லையென்று சிலர் ஹாலோ பிளாக் கல்லை அடுக்குவார்கள். செங்கல்லை அடுக்குவார்கள். வேண்டவே வேண்டாம். சுவரில் பரவலாகப் பாரம் ஏறும்போது அந்தக் கல் தாங்கும். ஒரே புள்ளியில் பாரம் ஏறினால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கிவிடும்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஜே.சி. ரோடு முழுவதும் வண்டிச் சாமான் கடைகள். ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்குவது பெரிய செலவில்லை. ஓர் ஆளின் ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று. உடம்பு சிறியது, உள்ளே நுழைய வசதி என்று பொடியன்களை வண்டிக்கு அடியில் அனுப்பும் வழக்கம் இருந்தது. 14 வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டறையில் கூலிக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அந்தப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சீக்கிரம் முடி, கஸ்டமர் காத்திருக்கிறார்" என்று அவசரப்படுத்துவார்கள். "ஸ்டாண்டு வைத்தால்தான் உள்ளே போவேன், அண்ணா" என்று பணிவாகச் சொல்லுங்கள். அது பயம் இல்லை. தொழில் தெரிந்தவன் பேச்சு.

அப்படியும் விபத்து நடந்துவிட்டால்? வண்டிக்கு அடியில் சிக்கியவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கூச்சல் போட்டு ஆள் சேருங்கள். ஒருவர் உடனே 108-க்குப் போன் செய்யட்டும். பலர் சேர்ந்து வண்டியைத் தாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஜாக்கியைச் சரியான இடத்தில் வைத்து உயர்த்துங்கள். உயர்த்தியதும் கட்டைகளை அடுக்குங்கள். வெளியே வந்தவர் "ஒன்றும் இல்லை" என்று எழுந்து நின்றாலும் விடாதீர்கள். உள்காயம் கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நாளைக்குச் செய்யுங்கள்

நண்பர்களே, கேட்டதோடு போகக் கூடாது. செய்து பார்க்க வேண்டும்.

நாளைக் காலையில் நீங்கள் ஓட்டும் காரின் அருகே உட்காருங்கள். வண்டியைத் தூக்க வேண்டாம். நான்கு இடத்திலும் விளிம்பைத் தடவுங்கள். குறி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

பிறகு டிக்கியில் இருக்கும் ஜாக்கியை எடுங்கள். அதில் ஒரு எண் இருக்கும். எத்தனை கிலோ, அல்லது எத்தனை டன் தூக்கும் என்று போட்டிருப்பார்கள். ஒரு டன் என்றால் 1000 கிலோ. அந்த எண்ணைப் படியுங்கள். நோட்டில் எழுதுங்கள். உங்கள் காரின் எடையைப் புத்தகத்தில் பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஜாக்கி அந்தக் காருக்கு உரியதுதானா என்று பாருங்கள்.

அடுத்த வகுப்புக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவரும் தங்கள் வண்டியின் பெயரையும், குறி இருக்கும் இடத்தையும் எழுந்து நின்று படிக்க வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்கள் அதைக் கரும்பலகையில் எழுதி சுவரில் மாட்டலாம். புதிதாக வேலைக்கு வரும் தம்பிக்கு அது உதவும்.